கால் அசையுதா?

கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு வந்திருந்த அந்த அம்மா மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாருகிறவர். விரல் தோல் அவ்வளவு தடித்திருந்ததால் ஆக்சிஜன் பார்க்கிற கிளிப்பைக் காதுமடலில்தான் மாட்டினோம். பாதங்கள் வெடித்து, வெடிப்புக்குள் புண். உட்கார்ந்தாலும் படுத்தாலும் ஒரு பாதத்தால் இன்னொன்றைத் தேய்த்துக்கொண்டே இருப்பார்.

ஆபரேஷன் முடிந்து என் பொறுப்பில் ரெகவரி அறைக்கு வந்தபோது அந்தத் தேய்ப்பு நின்றிருந்தது. முதுகில் போட்ட ஊசியில் இடுப்புக்குக் கீழே மரத்திருந்தது. பலர் அந்த நேரத்தில் கால் போய்விட்டதோ என்று பயந்து அழுவார்கள். இவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"கால் எரியவே இல்ல சிஸ்டர். கல்யாணமாகி உப்பளத்துல எறங்கினதுலேர்ந்து இப்படி இருந்ததே இல்ல. இது எவ்ளோ நேரம் இருக்கும்?"

"ரெண்டு மணி நேரத்துல சரியாயிடும்மா," என்று எல்லாரிடமும் சொல்வதுபோலச் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது.

கால்மணிக்கு ஒருதரம் கால் அசைகிறதா என்று கேட்டு எழுதுவது என் வேலை. அசைந்தால்தான் வார்டுக்கு அனுப்புவோம். நாலாவது தடவை கேட்டபோது, போர்வைக்கடியில் கட்டைவிரல் அசைவதை நானே பார்த்தேன்.

"இன்னும் இல்ல சிஸ்டர்," என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

அசைந்தது என்றுதான் எழுதினேன். வேறென்ன எழுத முடியும்? வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போதே, போர்வைக்குள் ஒரு பாதம் இன்னொன்றைத் தேய்க்கத் தொடங்கியிருந்தது.