படிக்காமல் போட்ட கையெழுத்து

ரஞ்சிதாவின் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஊர்ப் பஞ்சாயத்து கூப்பிட்டனுப்பினால், விஷயம் என்னவென்று கேட்பதற்கு முன்பே "தப்புதான், ஊரு மன்னிக்கணும்" என்று சொல்லிவிட வேண்டும். சொன்னால் அபராதம் பாதி. எதிர்த்துப் பேசினால் இரண்டு மடங்கு. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரத்தில் பிறந்து அங்கேயே வாக்கப்பட்டவள் அவள். முப்பத்துமூன்று வயதுவரை அவள் பார்த்த நீதிமன்றம் அது ஒன்றுதான்.

அதனால் மகள் சுஷ்மிதாவின் பள்ளியிலிருந்து வரச்சொல்லி போன் வந்ததும் போனாள். தலைமையாசிரியை அறை வாசலில் செருப்பைக் கழற்றினாள். உள்ளே நுழைந்து கைகட்டிச் சொன்னாள்: "எம்மேலதான் தப்பு டீச்சர். மன்னிச்சிக்குங்க."

சண்டைக்குத் தயாராக இருந்த தலைமையாசிரியை துர்காதேவி ஒரு நிமிடம் தடுமாறிப்போனார். பிறகு, ஒன்பதாம் வகுப்பு அரையாண்டில் கணக்குக்குப் பதினேழு மதிப்பெண் என்று சொல்லி, தட்டச்சு செய்த ஒரு தாளை நகர்த்தினார். ரஞ்சிதாவுக்குப் படிக்கத் தெரியும். 'மதிப்பிற்குரிய' என்ற முதல் வார்த்தைவரை படித்தாள். மன்னிப்புக் கடிதம்தான் என்று எண்ணிக்கொண்டாள். பெரியவர்கள் நீட்டியதை உட்கார்ந்து படித்துப் பார்ப்பது மரியாதையில்லை. கையெழுத்துப் போட்டாள்.

"நாளைக்கு மதியம் வந்து வாங்கிக்குங்க" என்றார் துர்காதேவி.

எதை என்று அவள் கேட்கவில்லை. அபராதம் இல்லாமல் முடிந்ததே என்று நிம்மதியாக வீடு திரும்பினாள்.

சாயங்காலம் விஷயத்தைக் கேட்ட சுஷ்மிதாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "டீசிம்மா அது! பக்கத்து வூட்டு சினேகாவுக்கும் இப்டித்தான் குடுத்தாங்க. பத்தாவதுல பெயிலாவப் போறவங்கள இப்பவே அனுப்பிடுவாங்க. நீயே கேட்டு வாங்கறாப்ல எழுதியிருக்கும்."

சினேகா இப்போது இறால் கொட்டகையில் தலை கிள்ளிக்கொண்டிருக்கிறாள். சுனாமிக்கு அடுத்த வருஷம் ரஞ்சிதாவும் எட்டாம் வகுப்போடு நின்றவள்தான். அவள் ஏன் வரவில்லை என்று கேட்டு யாரும் பள்ளிக்கூடத்துப் பக்கம் போகவில்லை.

கணவன் வசந்த் வலையைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தான். "நாளைக்கு நீ வாயேன்" என்றாள்.

"நானா? அந்தம்மா இங்கிலீஷ்ல ஒரு வார்த்த கேட்டா என் லுங்கி அவுந்துடும்."

"அவ்ளோ பெரிய கடலுக்குப் போற. இஸ்கோலு கேட்டாண்ட வரப் பயமா?"

"கடலு கேள்வி கேக்காதுடி" என்றான் வசந்த். வலையைப் பார்த்தபடி, "கையெழுத்து போட்டுட்டு இல்லேன்னு சொல்லப் போற. பாத்து" என்றான். அவன் பயம் அவளுக்கும் ஒட்டிக்கொண்டது.

மறுநாள் காலையில் அணுபுரம் வீதிகளில் மீன் விற்றாள். சங்கரா கேட்டவளுக்கு நெத்திலியை அள்ளிப்போட்டாள். திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் கூடைக்காரி கன்னியம்மா முழங்கையால் இடித்தாள். "இன்னாடி, மூஞ்சி நாலு நாள் ஐசுல கெடந்த மீனாட்டம் கீது?"

சொன்னாள்.

"இதுக்கா? போனதும் கால்ல வுழுந்துடு."

"நேத்து அதான் பண்ணேன்க்கா. அதுலதான் மாட்டிக்கினேன்."

பள்ளி வாசலில் இறங்கினாள். எலுமிச்சம்பழம் தேய்த்துக் கழுவிய கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். திரும்பிப் போய்விடலாமா என்று இரண்டு முறை தோன்றியது. போனால் நாளைக்கே சுஷ்மிதா இறால் கொட்டகையில் இருப்பாள்.

துர்காதேவி டீசி பதிவேட்டைத் திறந்து காட்டினார். "இங்க ஒரு கையெழுத்துப் போட்டுட்டு வாங்கிக்குங்கம்மா."

பக்கத்தில் நேற்றைய தாள் இருந்தது. ரஞ்சிதா நின்றபடியே கடைசி வரி வரைக்கும் படித்தாள். 'குடும்பச் சூழ்நிலை காரணமாக, என் சொந்த விருப்பத்தின் பேரில்.'

"எங்க வூட்ல எந்தச் சூழ்நிலையும் இல்ல டீச்சர்."

"நேத்து ஒத்துக்கிட்டீங்களே?"

"மன்னிப்புக்கு ஒத்துக்கினேன். பொண்ண இட்டுகினு போறேன்னு சொல்லல."

"பத்தாவதுல ஒரு பிள்ளை ஃபெயிலானா மேல நான் பதில் சொல்லணும். உங்களுக்கு அதெல்லாம் தெரியாது." குரல் உயர்ந்தது. பக்கத்து மேசை எழுத்தர் தலைநிமிர்ந்து பார்த்தார்.

ரஞ்சிதா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அப்போ நீங்க அனுப்பறீங்கன்னு எழுதுங்க டீச்சர். கணக்குல பதினேழு, அதுனால அனுப்பறோம்னு. நீங்க கையெழுத்து போடுங்க. நான் வாங்கிக்கினு போறேன்."

துர்காதேவி பேனாவை எடுத்தார். எழுதாமல் மூடினார்.

"அப்படி எழுத முடியாதும்மா."

"அப்போ அது கிளாஸ்ல உக்காரட்டும். எந்தக் கணக்கு வரலேன்னு சொல்லுங்க. நான் எதுனா பண்றேன்."

துர்காதேவி வருகைப் பதிவேட்டை அவள் பக்கம் திருப்பினார். "கணக்கு முதல் பீரியட். உங்க பொண்ணு வாரத்துல மூணு நாள் ரெண்டாவது பீரியட்டுக்குத்தான் வருது. நீங்க என்ன பண்றீங்க?"

கரையில் ஏலம் நடக்கும் நேரம் அது. ரஞ்சிதா மீன் எடுக்கும்வரை, கூடைகளை நாயும் காக்காயும் அண்டாமல் பார்த்துக்கொள்வது சுஷ்மிதாதான். நேற்று வாய்க்கு வந்தபடி சொன்ன தப்பு இன்றைக்கு நிஜமாகவே அவள் தலையில் இறங்கியது. இப்போது ஒத்துக்கொண்டால் அதையே பிடித்துக்கொள்வார்களோ? பொய் சொல்லவும் வரவில்லை.

"அது எம்மேல தப்பு. நாளையிலேந்து முதல் மணிக்கு இங்க இருக்கும். கூடைய நாய் தூக்கினு போவட்டும்."

துர்காதேவிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். "பிப்ரவரி தேர்வு வரைக்கும் பார்க்கிறேன். வெள்ளிக்கிழமை தோறும் வந்து கணக்கு டீச்சரைப் பாருங்க."

"வரேன். அந்தக் காகிதம்?"

"அது ஃபைல்ல இருக்கட்டும்." தாள் மேசை டிராயருக்குள் போனது. டிராயர் மூடிக்கொண்டது.

ரஞ்சிதா வெளியே வந்தாள். வீட்டுக்குப் போகவில்லை. சைக்கிள் நிறுத்தும் கொட்டகையில், மகளின் வகுப்பு வாசல் தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தாள். தான் போன பிறகு பிள்ளையை அறைக்குக் கூப்பிட்டு, அதனிடம் ஒரு கையெழுத்து வாங்கிவிட்டால்? பதினாலு வயசு. நீட்டினால் போட்டுவிடும்.

அரைமணி கழித்துக் காவலாளி வந்தார். "பேசியாச்சில்ல? இன்னும் இன்னாத்துக்கு உக்காந்துகினு கீற?"

"பெல்லு அடிக்கட்டும்ணா" என்றாள். "கையோட இட்டுகினு போறேன்."