அடைப்புக்குள் இருந்த கழித்தல் மூன்று

அன்பான சகோதரங்களே, இனி வாழ்வதில் பயனில்லை என்று நான் முடிவெடுத்திருந்த நாட்களைப் பற்றிச் சொல்கிறேன்.

அகதி முகாமிலிருந்து வந்து தலைமன்னாரில் மீளக்குடியேறிய இரண்டாம் வருடம் அது. தகரக் கொட்டிலில் இருந்தோம். கடைசிச் சண்டையில் ஷெல் பட்டு, என் கணவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. "என்னை ஏன் அங்கையிருந்து தூக்கிக்கொண்டு வந்தனீர்?" என்று ஒருநாள் கேட்டார். பிறகு முகத்தைத் தகரப் பக்கம் திருப்பிப் படுத்தவர்தான். எட்டு மாதமாகத் தண்ணீர் கேட்பதைத் தவிர வேறு பேச்சில்லை.

நான் பாடசாலையில் நியமனம் இல்லாத தொண்டர் ஆசிரியையாக வேலை செய்தேன். பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் சித்தியடையாமல் நிரந்தர நியமனம் கிடையாது. இரண்டு முறை எழுதித் தவறியிருந்தேன். அடுத்த வருடம் வயதெல்லை கடந்துவிடும்.

வரைபுக் கேள்விதான் எனக்கு எப்போதும் பிழைக்கும். y = x² ஐ வரைந்துவிடுவேன். y = (x − 3)² + 2 என்றால், கழித்தல்தானே என்று இடப்பக்கம் நகர்த்துவேன். விடையில் அது வலப்பக்கம் இருக்கும். ஏன் என்று விளங்கவே இல்லை. என் கணவர் உயர்தரத்தில் கணிதம் படித்தவர். ஆனால் அவரிடம் கேட்க எனக்குத் துணிவில்லை.

பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்க, ஞாயிறு பூசை முடிந்தும் கோயிலிலேயே இருந்து அழுதேன். "ஆண்டவரே, எனக்கும் ஏலாது, அவருக்கும் ஏலாது. ரெண்டு பேரிலை ஒருத்தரையெண்டாலும் எழுப்பும்" என்றேன். அவ்வளவுதான் என் செபம்.

அன்று பின்னேரம் அவர் பக்கத்தில் இருந்து அதே கணக்கை வரைந்தேன். மறுபடியும் இடப்பக்கம். பென்சிலைப் போட்டுவிட்டு விம்மினேன்.

"அது பிழை." அவருடைய குரல். எப்போது திரும்பிப் பார்த்தார் என்று தெரியாது.

"x மூண்டெண்டால் அடைப்புக்குள்ளை என்ன வரும்?"

"பூச்சியம்."

"முதல் வரைபிலை அந்தப் பூச்சியம் எங்கை வந்தது?"

"x பூச்சியமா இருக்கேக்கை. நடுவிலை."

"இப்ப x மூண்டுக்குப் போனாத்தான் வருது. அப்ப அடிப்புள்ளி எந்தப் பக்கம்?"

"வலப்பக்கம்" என்றேன். "வெளியிலை நிக்கிற ரெண்டு?"

"அது வந்த விடையோடை கூட்டுறது. எல்லாப் புள்ளியும் ரெண்டு மேலை போகும். கீறும், பாப்பம்."

கீறினேன். சரியாக வந்தது. கொப்பி நனையும்வரை அழுதேன். அவரும் அழுதார்.

அந்த முறை கணிதத்தில் சாதாரண சித்தி கிடைத்தது. நியமனமும் வந்தது. அவர் இன்றும் நடப்பதில்லை. கால்களுக்காக எத்தனையோ தரம் செபித்தேன், அது கிடைக்கவில்லை. ஆனால் இப்போது அயல் பிள்ளைகள் கொப்பியோடு வந்து அவர் கட்டிலைச் சுற்றி இருக்கிறார்கள். சத்தமாகப் பேசுகிறார், ஏசுகிறார், சிரிக்கிறார்.

ஆண்டவருக்கு நன்றி. உங்கள் கவலை ஒரு கணக்கு அளவு சிறியதாக இருந்தாலும் அவரிடம் சொல்லுங்கள். எனக்கு அவர் செவிகொடுத்தார்.