பெண் பார்க்க வந்தவரும் அசையாத மவுஸும்

என்னைப் பெண் பார்க்க வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் என் கம்ப்யூட்டரின் கீபோர்டும் மவுஸும் சேர்ந்தாற்போல் நின்றுபோயின.

அப்போது நான் தென்காசியில் எங்கள் வீட்டு மாடியறையில் இருந்தபடி ஒரு சென்னைக் கம்பெனிக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தேன். அன்று சாயங்காலத்துக்குள் ஒரு வேலையை முடித்து அனுப்பியாக வேண்டும். எழுதியதெல்லாம் அந்த மேசைக் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. நானே பார்த்துப் பார்த்து லினக்ஸ் இயங்குதளம் ஏற்றிய பெட்டி அது. மானிட்டரில் எல்லாம் உயிரோடுதான் இருந்தன. மூலையில் கடிகாரம் ஓடியது. கர்சர் மட்டும் நட்டநடுவில் அசையாமல் நின்றது. மவுஸின் வயிற்றில் எரியும் சிவப்பு விளக்கும் அணைந்துவிட்டிருந்தது.

யு.எஸ்.பி. வயரைப் பிடுங்கி மறுபடி செருகினேன். விளக்கு எரிந்தது, கர்சர் நகர்ந்தது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்து, சேலைத் தலைப்பைச் சரிசெய்துவிட்டுக் கையை வைத்தால், மறுபடியும் செத்துக் கிடந்தது. முன்பக்க ஓட்டை, பின்பக்க ஓட்டை, எல்லாவற்றிலும் மாற்றிச் செருகிப் பார்த்தேன். கம்ப்யூட்டரையே அணைத்துப் போட்டேன். பாஸ்வேர்டு கேட்கிற இடம் வரைக்கும் நல்ல பிள்ளையாக வந்தது, பிறகு அதே கதை.

அம்மா படியேறி வந்தபோது நான் பட்டுச் சேலையோடு மேசைக்கு அடியில் உட்கார்ந்திருந்தேன்.

“ஏட்டி, அங்கன என்ன செய்யுத? அவிய பாவூர்சத்திரம் தாண்டிட்டாவளாம். சேலை கசங்குது, எந்தி.”

“கீபோர்டு வேலை செய்யலம்மா.”

“இன்னைக்கு ஒரு நாள் அதுக்கும் லீவு குடு.”

அப்பாவுக்கு மட்டும் என் முகத்தைப் பார்த்துப் பாவமாகிவிட்டது. வயலும் தோப்புமாக இருப்பவர். கம்ப்யூட்டரைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் மகளுக்கு அவசரம் என்பது தெரியும். பக்கத்துத் தெருவில் ஒரு வாத்தியார் வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறது, அங்கே போய் கீபோர்டை இரவல் வாங்கி வருகிறேன் என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். சாரல் விடாமல் தூறிக்கொண்டிருந்தது.

அவர் திரும்பி வரும்போது, தெருமுனையில் ஒரு வேன் நின்று, டிரைவர் தலையை நீட்டி எங்கள் வீட்டுக்கு வழி கேட்டிருக்கிறார். கேட்டது கீழப்பாவூரிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டாரின் வேன். அப்பா, “என் வீடுதான். நான் முன்னால நடக்கேன், பின்னாலயே வாங்க” என்று சொல்லிவிட்டு நடந்திருக்கிறார். நான் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். கக்கத்தில் துண்டு சுற்றிய கீபோர்டு, அதன் வயர் முழங்கால் வரை தொங்குகிறது. பெண்ணின் அப்பா குடை பிடித்து முன்னால் போக, வேன் ஊர்ந்து ஊர்ந்து பின்னால் வருகிறது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த கையோடு கீழே இறங்கிப் போனேன்.

வந்தவர்கள் மூன்று பேர்தான். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற சித்தப்பா. மாப்பிள்ளை போலீஸ்காரர். புளியறை சோதனைச் சாவடியில் வேலை. கேரளாவுக்குப் போகிற லாரிகளை நிறுத்திப் பார்த்துப் பார்த்து, எதையும் ஒரு முறை குனிந்து அடியிலும் பார்க்கிற பழக்கம் அவருக்கு வந்திருந்தது. எங்கள் வீட்டு நாற்காலியில் உட்காரும் முன்பும் அப்படித்தான் செய்தார். ஒரு பை நிறைய மங்குஸ்தான் பழம் கொண்டு வந்திருந்தார்கள். வழியிலேயே சாப்பிட்டிருப்பார் போல, விரல் நுனியெல்லாம் ஊதாக் கறை.

நான் பஜ்ஜித் தட்டை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். மனசு மாடியில் இருந்தது. அவருடைய அம்மா அதைக் கண்டுகொண்டார்.

“என்னம்மா, முகம் ஒரு மாதிரி இருக்கு? எங்களைப் பிடிக்கலியா?”

பொய் சொல்லத் தோன்றவில்லை. “அதெல்லாம் இல்ல அத்தை. என் கம்ப்யூட்டர்ல கீபோர்டும் மவுஸும் நின்னுபோச்சு. இன்னைக்கு ஒரு வேலையை அனுப்பியாகணும்” என்றேன். அம்மா அடுக்களை வாசலில் நெற்றியில் கை வைத்தார்.

மாப்பிள்ளை முதல் முறையாக வாயைத் திறந்தார். “நான் வந்து பாக்கலாமா?”

“உங்களுக்கு லினக்ஸ் தெரியுமா?”

“தெரியாது. விசாரிக்கத் தெரியும்.”

பெண்ணும் மாப்பிள்ளையும் தனியாகப் பேச ஐந்து நிமிஷம் கொடுப்பதுதானே வழக்கம். அதை மாடியறையில் பேசட்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். துணைக்குச் சித்தப்பாவும் கையில் பஜ்ஜியோடு ஏறி வந்து கதவோரம் நின்றுகொண்டார்.

நாங்கள் எங்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் நேராக மேசைக்கு அடியில் குனிந்தார். நானும் குனிந்தேன். அங்கேயே உட்கார்ந்து விசாரணை தொடங்கியது.

“கடைசியா எப்பம் ஒழுங்கா ஓடுச்சு?”

“நேத்து ராத்திரி வரைக்கும்.”

“ரெண்டும் ஒண்ணா நின்னுச்சா, ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா?”

“ஒண்ணாத்தான்.”

“ரெண்டும் ஒண்ணா கெட்டுப்போகாது. அப்பம் தப்பு அதுங்க மேல இல்ல” என்றார். “வேற எங்கயாவது இந்தக் கீபோர்டு வேலை செய்யுதா?”

யோசித்தேன். கம்ப்யூட்டர் கிளம்பும்போது, எந்த லினக்ஸ் வேண்டும் என்று கேட்கிற கறுப்புத் திரை ஒன்று வரும். மறுபடி கிளப்பி, அந்தத் திரையில் அம்புக்குறி விசைகளை அழுத்தினேன். மேலும் கீழும் அழகாகப் போனது. கீபோர்டு நல்ல கீபோர்டுதான், வயரும் நல்ல வயர்தான். லினக்ஸ் முழுசாக எழுந்த பிறகுதான் கோளாறு. அப்பா கொண்டு வந்த இரவல் கீபோர்டைச் செருகினோம். அதுவும் கொஞ்ச நேரம் வேலை செய்துவிட்டு அடங்கிப்போனது.

“வெளியூர் வண்டியையும் நிறுத்துது” என்றார் அவர்.

அடுத்து மவுஸைப் பிடுங்கிச் செருகி, கர்சர் எப்படிச் சாகிறது என்று பார்க்க, அதைச் சும்மா வட்டம் வட்டமாக உருட்டிக்கொண்டே இருந்தார். ஒரு கையால் மவுஸ், மறு கையால் சித்தப்பாவின் தட்டிலிருந்து பஜ்ஜி. கர்சர் சாகவே இல்லை. நான் அப்போது பாவூர்சத்திரம் சந்தையைப் பற்றி ஏதோ சொன்னேன், அவர் புளியறையில் ஒரு லாரி நிறைய வாத்துகள் வந்த கதையைச் சொன்னார். வாத்துகளை இறக்காமல் எப்படிச் சோதனை போடுவது என்று அவரும் இன்னொரு போலீஸ்காரரும் தலையைப் பிய்த்துக்கொண்டார்களாம். கடைசியில் ஒரு வாத்து தானே இறங்கி ஓடியதாம், அதைப் பிடிக்கவே மதியமாகிவிட்டதாம். கதை முடிகிற வரைக்கும் கர்சர் சுற்றிக்கொண்டே இருந்தது.

சிரித்து முடித்து அவர் மவுஸிலிருந்து கையை எடுத்தார். இரண்டு மூச்சு விடுகிற நேரம். விளக்கு அணைந்தது.

இருவரும் ஒரே சமயத்தில் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

“ஆட்டிக்கிட்டே இருந்தா ஓடுது. கையை எடுத்தா நின்னுபோகுது” என்றார்.

“தூங்குது” என்றேன் நான்.

“சமீபத்துல எதையாவது மாத்துனீங்களா?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சாரல் காற்றுக்குக் கிளை முறிந்து கம்பியில் விழுந்து அடிக்கடி கரண்டு போய்க்கொண்டிருந்தது. யு.பி.எஸ். பாட்டரியும் பழசு. கொஞ்சம் மின்சாரம் மிச்சமாகட்டுமே என்று முந்தின நாள்தான் கம்ப்யூட்டருக்கு ஒரு விதி எழுதி வைத்தேன். யு.எஸ்.பி.யில் எதைச் செருகினாலும், சும்மா இருந்தால் அதைத் தூங்க வை என்று. ஒரு விசையைத் தட்டினால் அது விழித்துக்கொள்ள வேண்டும். என் பழைய பெட்டியில் தூங்க வைக்கத் தெரிந்ததே தவிர எழுப்பத் தெரியவில்லை. காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் விதி நடைமுறைக்கு வந்திருக்கிறது.

இதைச் சொன்னதும் சித்தப்பா கதவோரத்திலிருந்து, “காவலுக்கு நிக்கவன் தூங்குனா எங்க ரெஜிமெண்ட்ல மூட்டையைத் தூக்கிட்டு ஓட விடுவோம்” என்றார்.

தட்டச்சு செய்ய வழியில்லாத கம்ப்யூட்டரை எப்படித் திருத்துவது? என் போனில் அதற்கு வழி இருந்தது. கீழே இருக்கும்போது மாடிக் கம்ப்யூட்டரை எட்டிப் பார்க்க, வைஃபை வழியாக உள்ளே நுழையும்படி ஏற்கெனவே அமைத்து வைத்திருந்தேன். போனில் கட்டளையை அடித்து, செருகியிருக்கிற யு.எஸ்.பி. பொருள்களைக் காட்டச் சொன்னேன். கீபோர்டு, மவுஸ், இரண்டின் பெயரும் வந்தன.

அவர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். “அட்டெண்டன்ஸ்ல பேரு இருக்கு. ஆளுதான் தூங்குதான்.”

ஒவ்வொரு பொருளுக்கும் உள்ளே ஒரு சின்னக் கோப்பு உண்டு. அதில் ‘ஆட்டோ’ என்று இருந்தால் அது தூங்கலாம், ‘ஆன்’ என்று எழுதினால் விழித்தே இருக்கும். போனின் குட்டி எழுத்துகளில் கட்டை விரலால் அடிக்க அடிக்கத் தப்பு வந்தது. அவர் ஒவ்வொரு எழுத்தாக லாரி நம்பர் வாசிப்பது போல வாசித்துச் சரிபார்த்தார். அனுப்பினேன். மவுஸின் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது. கையை எடுத்துவிட்டு மூவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். அணையவில்லை. கீபோர்டுக்கும் அப்படியே செய்தேன். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, பத்து விரலாலும் ஆசை தீரத் தட்டி, அந்த விதியிலிருந்து கீபோர்டுக்கும் மவுஸுக்கும் விலக்கு எழுதினேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டும் பார்த்தாயிற்று. மிச்சமிருந்த வேலையை முடித்து அனுப்பியும் விட்டேன். அவர் அதுவரை பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து ஜன்னல் வழியே சாரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடவைகூட நேரமாச்சு என்று சொல்லவில்லை.

கீழே நிலைமை வேறு. ஐந்து நிமிஷப் பேச்சு ஒரு மணி நேரத்துக்கு மேல் போயிருந்தது. அம்மா இரண்டாம் முறை காபி போட்டிருந்தார். நாங்கள் இறங்கியதும் மாப்பிள்ளையின் அம்மா நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்.

“என்னலே, எல்லாம் சரிதானா?”

மாப்பிள்ளைக்கு அந்த நிமிஷத்தில் மவுஸைத் தவிர வேறு நினைப்பில்லை. முகமெல்லாம் பல்லாக, “சரியாயிட்டும்மா. அருமையா இருக்கு” என்றார்.

“அப்பம் பூ வச்சிருவோம்” என்று அவருடைய அம்மா பையிலிருந்து மல்லிகைப்பூவை எடுத்துவிட்டார். அம்மா கண்ணைத் துடைத்தார். அப்பா சித்தப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். சித்தப்பாவுக்கு மட்டும் விஷயம் புரிந்து, தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளை என் பக்கம் திரும்பினார். காது வரை சிவந்திருந்தது. மெல்லச் சொன்னார், “நான் மவுஸைத்தான் சொன்னேன்.”

“தெரியும்.”

“உங்களுக்கு இஷ்டமில்லைன்னா இப்பமே சொல்லிருதேன். எனக்கு மாத்திச் சொல்ல ஒண்ணுமில்ல.”

ஒரு மணி நேரமாக ஒரே மேசைக்கு அடியில் இருந்த மனிதர். தனக்குத் தெரியாததைத் தெரிந்தது போல் ஒரு தடவையும் அவர் காட்டிக்கொள்ளவில்லை. நானும் மெல்லத்தான் சொன்னேன், “எனக்கும் ஒண்ணுமில்ல.” பிறகு திரும்பி, அத்தை பூ வைக்க வசதியாகத் தலையைக் குனிந்தேன்.

சாப்பாடு முடிந்ததும் அத்தை புதிதாக ஒன்றைக் கிளப்பினார். “அருவி சீசன் நேரத்துல இம்புட்டு தூரம் வந்துட்டுக் குளிக்காமப் போகவா? எல்லாரும் வேன்ல ஏறுங்க.” பெண் பார்க்க வந்த அன்றே பெண்ணை அருவிக்கு அழைத்துப் போவது உண்டா என்று அம்மா தயங்கினார். “அதான் பூ வச்சாச்சே” என்று அத்தை என் கையைப் பிடித்துவிட்டார். எனக்கும் போக வேண்டும் போலத்தான் இருந்தது. பட்டுச் சேலையை அவிழ்த்துப் போட்டுவிட்டுச் சாதாரணச் சுடிதாரில் வந்தேன்.

ஐந்தருவியில் நல்ல தண்ணீர். ஆண்கள் அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். எண்ணெய் தேய்த்த தலைகளும் ஈரப் பாவாடைகளுமாகப் பெண்கள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். அத்தை முன்னால் இடம் பிடித்து, “ஏட்டி, வா இங்கன” என்று என்னை இழுத்துத் தண்ணீருக்கு அடியில் நிறுத்தினார். அத்தை என்னை ஏட்டி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. முதுகில் தண்ணீர் அறைந்தது. மூச்சு முட்டியது. பக்கத்தில் அம்மா சின்னப் பெண் போலக் கூவிக்கொண்டு என் தோளைப் பிடித்துக்கொண்டார். தண்ணீர்ச் சத்தத்தில் யார் என்ன சொன்னாலும் கேட்கவில்லை, எல்லாரும் எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டிருந்தோம்.