யார் அந்த ஜோதி?

கொஞ்ச நாள் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ஜெர்மனியிலிருந்து ஒரு பெண், லேப்டாப் வழியாக என் மகளிடம் ஒரு சந்தேகம் கேட்டாள்.

“கயல், உனக்கு எத்தனை அப்பாக்கள்?”

பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்த எனக்கு எப்படி இருந்திருக்கும்?

பதறாதீர்கள்... விஷயம் இலக்கணம் சம்பந்தப்பட்டது.

கயல் பெரியகுளத்தில் தோட்டக்கலை கடைசி வருஷம் படிக்கிறாள். மேற்படிப்புக்கு ஜெர்மனி போக ஆசை. அதற்கு ஜெர்மன் பேச வர வேண்டுமே? வெவ்வேறு நாட்டு மாணவர்களை ஜோடி சேர்த்துவிடும் ஓர் இணையதளத்தில் பெயர் கொடுத்தாள். ‘ஜோடி’ என்றதும் என் கணவரின் முகம் மாறியது. வந்து சேர்ந்தது லீசா என்ற பெண் என்று தெரிந்த பிறகுதான் டீ கேட்டார்.

ஏற்பாடு சுலபம். வாரம் ஒரு மணி நேரம். பாதி நேரம் ஜெர்மன், பாதி நேரம் தமிழ்.

லீசா அங்கே சமூகப்பணி படிக்கிறவள். தமிழைப் புத்தகத்தில் படித்தவள். “தங்கள் தந்தையார் எங்கு சென்றுள்ளார்?” என்று கேட்பாள். கயல் எங்கள் தேனித் தமிழில், “அப்பா கடைக்குப் போயிருக்காக. இப்ப வந்துருவாக” என்பாள். போனாக, வந்தாக என்றால் பலர் அல்லவா? அதனால்தான் அந்தக் கேள்வி.

“ஒரே அப்பாதான். அது மரியாதை” என்றாள் கயல்.

“ஓ... கடவுளுக்கும் அப்படியா?”

“இல்ல. சாமி வந்துச்சு, முருகன் வந்தான்னுதான் சொல்லுவோம்.”

லீசா நிதானமாக எழுதிக்கொண்டாள். “அப்பா பன்மை. கடவுள் ஒருமை.”

இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் எனக்கு இது புரியாமல் போச்சே!

ஜெர்மனிலும் மரியாதைக்கு ஒரு சொல், நெருக்கத்துக்கு ஒரு சொல் உண்டாம். ஆனால் பெற்ற அப்பாவை லீசா ‘நீ’ என்றுதான் அழைப்பாளாம். பழனிசெட்டிபட்டியில் மோட்டார் பம்ப் கடை வைத்திருக்கும் என் கணவர் அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்தார். கேட்டுவிட்டு, “அவுகப்பா ஒண்ணும் சொல்ல மாட்டாரா?” என்றார், ரொம்பக் கவலையாக.

அடுத்த வாரம் அந்தத் தளம் கொடுத்த தலைப்பு ‘குடியேற்றம்’.

“உங்கள் ஊரில் வெளியிலிருந்து வந்து குடியேறியவர்கள் யார்?” என்று லீசா கேட்டாள். கயல் வாய் திறப்பதற்குள் என் கணவர் கேமராவுக்குள் புகுந்துவிட்டார்.

“எங்க ஊர்ல அதெல்லாம் கிடையாதும்மா. இங்கன எல்லாரும் உள்ளூர் ஆளுகதான்.”

“முக்குக்கடை பரோட்டா மாஸ்டர்?” என்றாள் கயல்.

“அவன் ஒடிசா. பொழைக்க வந்தவன்.”

“அதைத்தாம்ப்பா அவ கேக்குறா! சரி... கம்பத்துல இருந்து தினம் ஜீப்புல ஏலத்தோட்ட வேலைக்குக் கேரளாவுக்குப் போறாகளே, அது?”

“அது சாயங்காலம் திரும்பி வந்துரும்ல? திரும்பி வந்தா அதெல்லாம் சேத்தி இல்ல.”

குடியேற்றத்துக்கு இவ்வளவு சுருக்கமான விளக்கம் எந்தப் பல்கலைக்கழகத்தில் கிடைக்கும்?

பேச்சை மாற்ற அவர் கேட்டார். “அது கெடக்கட்டும்... நீ எதுக்கும்மா தமிழ் படிக்கிற?”

லீசா சிரிப்பதை நிறுத்தினாள்.

அவள் பகுதி நேரமாக ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். அங்கே யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். பெயர் சொல்ல மாட்டாள், அது இல்லத்தின் விதி. போர்க் காலத்தில் அகதியாக வந்தவர். ஹோட்டலில் பாத்திரம் கழுவ ஆரம்பித்து, சமையல்காரராக உயர்ந்து, ஜெர்மன் சரளமாகப் பேசியவர். இப்போது மறதி நோய். ஜெர்மன் முழுக்கப் போய்விட்டது. தமிழ் மட்டும் மிச்சம். சின்ன ஊர். வேறு தமிழர் இல்லை. மனைவி இறந்துவிட்டார், மகன் கனடாவில். சாப்பாட்டுத் தட்டை வைத்தால் தள்ளிவிடுகிறார். நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே போகிறார்.

“சாப்பிடும் நேரத்தில் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறார். ‘ஜோதி இல்லையோ... ஜோதி இல்லையோ...’ என்று.”



“சம்சாரம் பேரா?” என்றார் என் கணவர்.

“இல்லை. அது வேறு பெயர்.”

“அப்பச் சரிதான்” என்று மெல்லத் தலையை ஆட்டினார். “ஊர்ல விட்டுட்டு வந்த பிள்ளையா இருக்கும். பாவம்... இத்தனை வருசமா மனசுக்குள்ளயே வச்சிருந்திருக்காரு.”

எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. “மகனிடம் விசாரிக்கவா?” என்று லீசா கேட்டாள். “ஐயையோ, அதை மட்டும் செஞ்சிராத! அப்பாவைப் பத்தி மகன்கிட்ட கேக்குற கேள்வியா இது?” என்று தடுத்த புத்திசாலி நான்தான்.

லேப்டாப்பை மூடிய பிறகு என் கணவர் ஆரம்பித்தார். “பாத்தியாத்தா? வெளிநாடு போனா கடைசியில இதான். வாயத் தொறந்து கேட்டாலும் புரிஞ்சுக்க ஆளு இருக்காது.”

ஒன்று சொன்னால் மூன்றாகப் பதில் சொல்லும் கயல் அன்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்த வாரம் முழுக்க ஜெர்மன் புத்தகத்தையும் தொடவில்லை.

“எனக்கும் அப்பிடி ஆயிருமாம்மா?” என்று கேட்டாள். சின்னப் பெண் முதுமையை நினைத்துப் பயந்தால் சிரிப்புதானே வர வேண்டும்? எனக்கு வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எதிர்வீட்டுக் கோமதி அக்கா, வாங்கிப்போன டிபன் பாக்ஸைத் திருப்பிக் கொடுக்க வந்தார். திருநெல்வேலியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். இங்கேயே பிள்ளைகளுக்குக் கல்யாணம் முடித்து, பேரனும் எடுத்தாயிற்று. ஆனாலும் தெருவில் அவர் பெயர் இன்றைக்கும் ‘திருநெல்வேலிக்காரம்மா’தான். என் கணவர் கணக்கில் மட்டும் உள்ளூர் ஆள்!

ஜோதியின் சோகக் கதையை அவரிடம் உருக்கமாகச் சொன்னேன். அக்கா உருகவில்லை.

“சாப்பாட்டு நேரத்துலயா கேக்காரு?”

“ஆமாக்கா.”

“சிலோன்காரரா?”

“ஆமா.”

அக்கா சிரிக்க ஆரம்பித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “ஏட்டி, அது பொம்பளை இல்லட்டி! சொதி! தேங்காப்பால் ஊத்தி வைக்க கொழம்பு! எங்க ஊர்ல மறுவீட்டுச் சாப்பாடே அதான்லா. அவங்க ஊர்லயும் உண்டு.”

ஜெர்மன்காரர்கள் வாயில் சொல்லின் முதல் ‘ச’ கிட்டத்தட்ட ‘ஜ’ மாதிரிதான் வரும் என்று கயல் அப்புறம் விளக்கினாள். முன்பே விளக்கியிருந்தால் என் கண்ணீராவது மிஞ்சியிருக்கும். என் கணவருக்குத்தான் மனசே ஆறவில்லை. “ஒரு கொழம்புக்கா இம்புட்டு ஏக்கம்?” என்று இரண்டு நாள் கேட்டுக்கொண்டிருந்தார். நல்ல காதல் கதை கைவிட்டுப் போன வருத்தம்!

அடுத்த ஞாயிறு இலக்கணம் ரத்து. முதியோர் இல்லத்தில் அனுமதி வாங்கி, அவர்கள் சமையலறையில் லீசா நின்றாள். இந்தப் பக்கம் என் அடுப்பங்கரையில் கோமதி அக்கா. நடுவில் போனைப் பிடித்துக்கொண்டு மொழிபெயர்ப்புக்குக் கயல்.

“மஞ்சப்பொடி கொஞ்சம் போடுட்டி.”

“கொஞ்சம் என்றால் எத்தனை கிராம்?”

“கொஞ்சம்னா கொஞ்சம்தான்!”

கறிவேப்பிலை கிடைக்கவில்லை என்று லீசா சொன்னதும் அக்கா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். டின்னில் இருந்த தேங்காய்ப்பாலைக் கடைசியில் ஊற்றியபோது, “கொதிக்க விடாதட்டி, திரிஞ்சுபோகும்!” என்று அவர் போட்ட சத்தம் போன் இல்லாமலே ஜெர்மனிக்குக் கேட்டிருக்கும்.

மறுநாள் லீசாவின் வாய்ஸ் மெசேஜ் வந்தது.

“அவர் முதலில் என்னைத் திட்டினார். ‘உப்புக் காணாது’ என்றார். ஐயா, உப்பு கரைந்துவிட்டது, எப்படிக் காணும் என்று கேட்டேன். மேலும் கோபப்பட்டார்.”

கயல் முழித்தாள். நானும்தான். திரும்பவும் எதிர்வீட்டுக்கு ஓடினோம்.

“காணாதுன்னா பத்தாதுன்னு அர்த்தம். நாங்களும் அப்படித்தான் சொல்லுவோம்” என்றார் அக்கா. “இத்தனை வருசம் எதிர்வீட்டுல இருக்கியே... நான் சொல்லதை நீ கேட்டதே இல்லியாட்டி?”

மெசேஜில் மிச்சமும் இருந்தது. யாரோ ஒரு நர்ஸ் உப்பை நீட்ட, போட்டுக்கொண்டு சாப்பிட்டாராம். அக்கா போடச் சொன்ன பருப்பை மட்டும் ஓரமாக ஒதுக்கிவிட்டாராம். யாழ்ப்பாணத்துச் சொதியில் பருப்பு கிடையாதோ என்னவோ! அப்புறம் பேச ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லையாம்.

“எனக்குப் பாதி புரியவில்லை. ஆனால் பக்கத்திலேயே இருந்தேன். என்னைப் ‘பிள்ளை’ என்று கூப்பிட்டார்.”

கயல் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். அப்புறம் எழுந்துபோய் ஜெர்மன் புத்தகத்தை எடுத்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை லீசா ஸ்க்ரீனில் வந்ததும், அவளைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டே கயல் சொன்னாள். “அப்பா, நான் அப்ளை பண்ணப் போறேன்.”

“அந்தப் பெரியவரைப் பத்திக் கேட்ட பெறகுமா?”

“அவருக்கு லீசா இருக்காள்லப்பா. எனக்கு ஒருத்தி கிடைக்க மாட்டாளா? இங்கனயே இருக்குற நமக்கு மட்டும் கோமதி பெரியம்மா பேசுறது புரிஞ்சதா?”

என் கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

“சரி, போ. போயி நல்லாப் படி. வேலையும் பாரு. ஆனா ஒண்ணுத்தா... அங்கனயே கெழவியாகிப்புடாத.”

லீசா நோட்டோடு காத்திருந்தாள். “மாமா... அந்தக் கடைசிச் சொல் புதிது. தயவுசெய்து இன்னொரு முறை, மெதுவாக?”

எதையும் நாலு தடவை சொல்கிற மனுஷர். இதை இரண்டாவது தடவை சொல்ல அவருக்கு வரவில்லை.