மதிலுக்கு வெளியே ஒரு கபுறு

சவூதிப் பாலைவனத்தில், மண் மூடிப்போன பழங்கால ஊர் ஒன்றைத் தோண்டும் இடத்தில் மண் அள்ளுவது என் வேலை. என்னோடு வேலை செய்த கடற்கரை ஊரான சாய்ந்தமருதைச் சேர்ந்த ரஹீம் போன மாதம் அங்கேயே விழுந்து மௌத்தானான். மாரடைப்பு என்றார்கள். வெயில் என்கிறேன் நான். அங்குள்ள மையவாடியிலேயே அடக்கினோம்.

மறுநாள் அவன் மனைவி ஊரிலிருந்து போன் எடுத்தாள்.

"தலமாட்டுல அடையாளத்துக்கு மீசான் கட்டை நட்டீங்களா, காக்கா?"

"இஞ்ச அப்புடி நடுறல்ல, தங்கச்சி. எல்லாக் கபுறும் ஒரே மாதிரித்தான்."

"அப்ப புள்ளைகள் வந்தா வாப்பாட கபுற எப்புடிக் கண்டுபுடிக்கிற?"



அந்தக் கிழமையே, பழைய ஊரின் மதிலுக்கு வெளியே ஓர் எலும்புக்கூடு கிடைத்தது. கழுத்தடியில் துளையிட்ட சிப்பிகள் கிடந்தன. ஆய்வாளர் தூரிகையால் மண்ணை விலக்கிக்கொண்டே சொன்னார்:

"இவன் இந்த ஊர்க்காரன் இல்லை. கடற்கரையிலிருந்து பிழைக்க வந்தவனாக இருக்கும்."

அவருக்கு அது சந்தோஷம். நான் மண்வெட்டியை வைத்துவிட்டுச் சிப்பிகளை எண்ணினேன்.

எத்தனையோ காலம் கழித்தும் நாலு சிப்பி அவன் ஊரைச் சொல்லிவிட்டது. ரஹீமை நாங்கள் மார்க்கப்படி கபன் துணியோடு மட்டும்தான் அடக்கினோம். அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அவனும் கடற்கரைக்காரன் என்று சொல்ல, அவனோடு ஒரு சிப்பிகூட இல்லை.