நீஷ் அலமாரியைத் திறந்தவள்

எங்கள் மஹல்லாவில் நீஷ் இல்லாமல் எந்தப் பெண்ணும் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை. கூடத்தில் நிற்கும் கண்ணாடி அலமாரி அது. உள்ளே தங்கக் கோடு போட்ட பீங்கான் தட்டுகள், கிண்ணங்கள். தூசி துடைக்க மட்டும் திறப்போம். சாப்பிடுவதெல்லாம் பிளாஸ்டிக் தட்டில்தான்.

மாடி வீட்டு இன்ஷிராஹின் நீஷும் பதினாறு வருடம் அப்படித்தான் நின்றது. நூற்பாலையில் அவள் கணவர் ஷவ்கீக்கு ஓவர்டைம் நின்றதும், அந்த வீட்டில் இறைச்சி மாதம் ஒருமுறை என்றானது. தேநீரில் சீனி பாதியானது. இன்ஷிராஹ் தன் ஒரே நல்ல செருப்பை மூன்றாம் முறை தைத்துப் போட்டாள். குறைக்க மிச்சமிருந்தது மகள் ஷுரூக்கின் கணக்கு டியூஷன் மட்டும். பொதுத்தேர்வுக்கு இன்னும் ஐந்து மாதம்.

"பொம்பளப் பிள்ளதானே, நிறுத்திடு" என்றார் மாமியார் தஃபீதா.

இன்ஷிராஹ் மறுநாள் நீஷைத் திறந்தாள். தெருவில் நிச்சயதார்த்தமோ இறந்தவரின் நாற்பதாம் நாளோ, எது நடந்தாலும் அவளுடைய பீங்கான் வாடகைக்குப் போனது. கூடையின் ஒரு காதை அவள் பிடிக்க, மறு காதைக் கீழ்வீட்டுக்காரி நான் பிடித்தேன். ஷவ்கீ பார்த்தும் பார்க்காதவர் போல இருந்தார்.

இரண்டாம் மாதம் செய்தி தஃபீதாவுக்கு எட்டியது. நாங்கள் கூடையோடு படியேறி வந்தபோது காலி நீஷின் முன்னால் நின்றிருந்தார்; பின்னால் ஷவ்கீயும் ஷுரூக்கும்.

"என்னடி இது, பல்லுப் போன வாய் மாதிரி! ஊரான் எச்சில் தட்டையா என் மவன் வீட்டுக்குள்ள கொண்டாறே?"

"கழுவித்தான் கொண்டாறேன் மாமி."

"குடும்பம் நொடிச்சுப் போச்சுன்னு தெருவே பேசுது."

"பேசட்டும். பேசுறவங்க வீட்டு விசேஷத்துக்கும் வாடகைக்குத் தரேன்."

"யாரு குடுத்த அதிகாரம்? டேய் ஷவ்கீ, கேக்க மாட்டியா?"

இன்ஷிராஹ் இழுப்பறையிலிருந்து சீர்ப் பட்டியலை எடுத்தாள். கல்யாணத்தன்று மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது. அதில் உள்ளதெல்லாம் மனைவியின் சொத்து. கணவரிடம் நீட்டினாள்.

"சத்தமா வாசிங்க. பீங்கான் செட்டு யாருதுன்னு உங்க அம்மாவுக்குக் கேக்கட்டும்."

ஷவ்கீ பட்டியலில் விரலை ஓட்டித் தன் கையெழுத்தில் நிறுத்தினார். "அவளோடதுதாம்மா" என்றார்.

"அப்போ டியூஷன் நிக்காது" என்றாள் இன்ஷிராஹ்.

"ஒண்ணு உடைஞ்சா?"

"ஒண்ணு கம்மி. இத்தனை வருஷம் முழுசா இருந்து என்ன பண்ணிச்சு?"

தஃபீதா என் பக்கம் திரும்பினார். "வாயே திறக்காத பொண்ணாச்சே நீ. நீயும் இவளுக்குக் கூட்டா?"

"ஆமா ஹஜ்ஜிமா, கூட்டுதான்." ஆறாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டவள் நான்; என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது.

இன்ஷிராஹ் கூடையைப் பிரித்து, தங்கக் கோட்டுத் தட்டுகளிலேயே அவித்த மொச்சையைப் பரிமாறினாள். தஃபீதா தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார்.

"நாரு போட்டுத் தேய்க்காதே. கோடு போயிடும்."

"போனா போகட்டும் மாமி. சாப்பிடுங்க."

ஷுரூக் தன் தட்டை ரொட்டியால் வழித்துத் தின்றுவிட்டு, கணக்கு நோட்டோடு படியிறங்கினாள்.