டப் ஹார்கிஸ் கொண்டுபோன ரேடியோ

வெர்லீன் ஸ்டப்ஸ் தன் லாரி ரேடியோ மைக்கின் பொத்தானை அழுத்தினால் போதும், வடக்கு அலபாமா நெடுஞ்சாலையில் போகிற ஏதாவது ஒரு லாரியிலிருந்து எவனாவது "கொக்கரக்கோ" என்று கூவுவான். பண்ணைகளிலிருந்து உயிர்க்கோழிகளை ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போகிற லாரி அவளுடையது. லாரிக்காரர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் அந்த ரேடியோவில் அவளுக்குப் பெயரே 'கோழிக்காரி'. அதைப் பற்றி அவளுக்கு வருத்தமில்லை. குரல்தான் தொந்தரவு. நேரிலேயே மெல்லிய குரல். ரேடியோவில் ஏறினால் இன்னும் இளைத்துப் போகும்.

ஜல்லி லாரி ஓட்டும் டப் ஹார்கிஸ் பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பின் பெஞ்சில் உட்கார்ந்து சடையை இழுத்தவன். தனக்குத் தானே 'இடி' என்று பெயர் சூட்டிக்கொண்டவன். அவள் வாயைத் திறந்ததுமே ஆரம்பிப்பான்.

"யாருப்பா அது, கெட்டில அடுப்புல வச்சிட்டு மறந்து போனது? விசிலடிக்குது, யாராச்சும் போய் எறக்கி வைங்க."

சாலை நெடுகச் சிரிப்பு. வெர்லீனும் கூடவே சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து ரேடியோவைக் கழற்றிச் சாப்பாட்டு மேசையில் வைத்துத் திருப்புளியையும் ஈயம் உருக்கி ஒட்டும் கோலையும் எடுத்தாள்.

அவள் புருஷன் ராய்ஸ் தபால் ஆபீசில் வேலை செய்பவன், சாது. தட்டைத் தள்ளித் தள்ளி மேசையின் மூலைக்கே போய்விட்டான்.

"கண்ணு, கிரேவில ஈய வாசனை அடிக்குது."

"பேசாம சாப்பிடு ராய்ஸ், ஒடம்புக்கு பலம்."

முதலில் அந்தப் பக்கத்து ஆண்கள் எல்லோரும் செய்வதையே அவளும் செய்தாள். குரலின் பலம் எல்லை மீறாமல் கட்டிப்போடும் ஒரு சின்ன உறுப்பு ரேடியோவுக்குள்ளே உண்டு. அதை வெட்டி எடுத்தாள். சட்டம் ஒத்துக்கொள்கிற காரியமில்லை. ஆனால் அந்தச் சாலையில் சட்டம் பார்த்து ரேடியோ வைத்திருந்தவன் ஒருவனும் இல்லை. மறுநாள் சாயங்காலம் தேவாலயத்திலிருந்து போன் வந்தது.

"மிஸ் வெர்லீன், ஜெபத்துக்கு நடுவுல உங்க குரல் நம்ம ஸ்பீக்கர்ல வந்துச்சும்மா."

"ஐயோ பாஸ்டர், என்ன சொன்னேன்?"

"'நாத்தம் தாங்கல, சீக்கிரம் எறக்கி வைக்கணும்'னு சொன்னீங்க. நான் அப்பதான் பாவச் சுமையப் பத்திப் பேசிக்கிட்டிருந்தேன். பொருத்தமாத்தான் இருந்துச்சு. இருந்தாலும்…"

வெட்டியதைத் திரும்ப ஒட்டினாள். மேலும் யோசித்தாள். பழைய சாமான் சந்தையில் கிடைத்த, அலையைக் கோடாக வரைந்து காட்டும் ஓர் அலைகாட்டிப் பெட்டியை ரேடியோவோடு இணைத்து, அதன் பச்சைத் திரையைப் பார்த்தபடி "ஆ… ஆ…" என்று கத்திக்கொண்டிருந்தாள். ராய்ஸ் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு பேஸ்பால் பார்த்தான்.

பொத்தானை அழுத்திவிட்டுச் சும்மா இருந்தாலும் ரேடியோ ஓர் அலையை ஒரே மட்டத்தில் அனுப்பிக்கொண்டுதான் இருக்கும். நம் பேச்சு அந்த மட்டத்தை மேலும் கீழுமாக ஆட்டுகிறது. கீழே தரை உண்டு. பூஜ்யத்துக்கு அடியில் போக வழியில்லை. போ போ என்று அடித்தால் மோதிச் சிதறி, பக்கத்து வீடுகளுக்கெல்லாம் சேறடிக்கும். தேவாலயத்தில் நடந்தது அதுதான். மேலேயோ, வானம் திறந்து கிடக்கிறது. இவ்வளவும் வெர்லீனுக்குத் தெரிந்ததுதான். தெரியாத ஒன்றைத் திரை காட்டிக்கொடுத்தது. மனிதக் குரல் இரண்டு பக்கமும் சமமாக இருப்பதில்லை. ஒரு பக்கம் கூரான மலை, மறுபக்கம் குட்டையான மேடு. அவளுடைய மலைகளெல்லாம் தலைகீழாகத் தரையைப் பார்த்துத் தொங்கிக்கொண்டிருந்தன.

"அடி பாவி, இத்தன வருஷமா தலைகீழாவா பேசிக்கிட்டிருந்த!" என்று தன்னையே திட்டிக்கொண்டு மைக்கைத் திறந்தாள். உள்ளே இரண்டே கம்பிகள். அதை இங்கும் இதை அங்குமாக மாற்றி ஒட்டினாள். மலைகள் நிமிர்ந்தன. சும்மா போகும் அலையின் மட்டத்தைக் கொஞ்சம் இறக்கி, மேலே ஏற இடம் விட்டாள். கீழே தரையைத் தொடாமல் தாங்கிப் பிடிக்க டயோடு என்கிற பொடி உறுப்பு ஒன்றைப் போட்டாள்.

அடுத்த நாள் சாலையில் அவள் சொன்னது இவ்வளவுதான்: "காலை வணக்கம்." ஒரு கூவல் இல்லை.

"யாரு… யாருங்க அது?" என்றது டப்பின் குரல், ரொம்ப மரியாதையாக.

"கெட்டில்தான். கொதிச்சிருச்சு."

அன்றிலிருந்து ரகசியம் கேட்டு ஆளாளுக்கு வந்தார்கள். வெர்லீன் ஒருவரையும் வெறுங்கையோடு அனுப்பவில்லை. ஒருவனிடம், மைக்கை இடது கையில் பிடித்து, வலது காலைத் தூக்கிக்கொண்டு பேசச் சொன்னாள். அவன் பிரேக் பிடிக்க மறந்து ஒரு தபால் பெட்டியைச் சாய்த்தான். டப்பிடம், "ஆன்டெனா அடில பன்றிக் கொழுப்பத் தடவு. மின்சாரம் வழுக்கிக்கிட்டுப் போகும்" என்று ரகசியக் குரலில் சொன்னாள். அவனும் கை நிறைய அள்ளித் தடவினான். விடிவதற்குள், ராத்திரியில் திருடித் தின்ன வரும் ரக்கூன் பிராணிகள் வந்து கொழுப்போடு கம்பியையும் கடித்துத் தின்றுவிட்டுப் போயின.

வேறு ஆளாக இருந்தால் கோபப்பட்டிருப்பான். டப் நேராக அவள் வீட்டுக்கு வந்தான். பெரிய எண்ணெய்த் தொட்டியை அறுத்து அவனே செய்த புகையடுப்பு ஒன்று அவனிடம் இருந்தது. முழுப் பன்றியே அதில் வேகும். ராய்ஸ் அதைப் பார்க்கும்போதெல்லாம் பெருமூச்சு விடுவான்.

"வெர்லீன், பேச்சு வேணாம். அந்த அடுப்ப நீ எடுத்துக்க. ரேடியோவ எனக்குக் குடு. சனிக்கெழம போட்டிக்கு வேணும்."

"ரேடியோ இப்ப எப்பிடி இருக்கோ அப்பிடியேதான் குடுப்பேன். பின்னால வந்து மூக்கால அழக்கூடாது."

"அழ மாட்டேன்."

"மைக்கு வேண்டாமா?"

"ஒன் ஓட்ட பிளாஸ்டிக் மைக்கு யாருக்கு வேணும்? எங்கிட்ட பளபளன்னு குரோம் மைக் இருக்கு."

"நல்லா யோசிச்சுக்க டப்."

"யோசிச்சாச்சு!"

வெர்லீன் உதட்டைக் கடித்துக்கொண்டு ராய்ஸைப் பார்த்தாள். ராய்ஸ் அதற்குள் அடுப்பை இறக்கப் பலகை தேடப் போயிருந்தான்.

சனிக்கிழமை போட்டி, எரிவாயு விற்கும் பெரியவர் கோய் ஹம்ஃப்ரி கடைக்குப் பின்னால் இருக்கும் வெட்டவெளியில். அவர்தான் நடுவர். ரேடியோவின் பலத்தை அளக்கும் மீட்டரைத் தம் வண்டியின் பின்பலகையில் வைத்திருந்தார். விதி எளிது. பேசாதபோது எல்லோருக்கும் ஊசி ஒரே இடத்தில் நிற்க வேண்டும். பேசும்போது யாருடையது அதிகம் எகிறுகிறதோ அவருக்குப் பரிசு ஒரு முழு ஹாம், அதாவது பதப்படுத்திய பன்றித்தொடை.

டப் வண்டியின் மேல் ஏறி நின்று கூட்டத்துக்கு ஒரு கும்பிடு போடாத குறையாகத் தொப்பியைச் சுழற்றிவிட்டு, உள்ளே போய்ப் பொத்தானை அழுத்தினான்.

"இடீஈஈ!"

ஊசி தூக்கத்தில் புரண்டு படுப்பதைப் போல லேசாக அசைந்தது. டப் கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினான். தலையணைக்குள்ளே யாரோ புலம்புவது போல மற்ற வண்டிகளில் கேட்டது. அவன் குரோம் மைக்கில் கம்பிகள் பழைய மாதிரியே இருந்தன. அவனுடைய மலைகளெல்லாம் கீழே தொங்கின, வெர்லீன் போட்ட டயோடு ஒவ்வொன்றையும் பிடித்து அமுக்கியது.

"என்னப்பா இடி, மழையே காணோமே?" என்றார் கோய்.

வெர்லீன் மெல்ல நடந்து வந்து, அவன் வண்டிச் சன்னலில் தலையை நீட்டினாள். "என் ஓட்ட மைக்கக் கொஞ்சம் சொருகிப் பாக்கட்டுமா டப்?"

சொருகினாள். "மிஸ்டர் கோய், அந்த ஹாம்ல மிளகு போட்டிருக்கா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டாள். ஊசி துள்ளிப் போய் எல்லைக் கம்பியில் 'டக்'கென்று அடித்தது. கூட்டம் ஊளையிட்டது.

பிறகு வந்ததுதான் பஞ்சாயத்து. "ரேடியோ என்னுது! வண்டி என்னுது! ஜெயிச்சதும் நான்தான்!" என்று டப் குதித்தான். கோய் தாடையைச் சொறிந்தார்.

"ரேடியோ அவனுது, தொண்ட அவளுது. நான் என்னத்தச் சொல்ல?" என்று கத்தியை எடுத்து ஹாமை நடுவில் வெட்டினார். எலும்புப் பக்கம் டப்புக்குப் போனது. அதற்கும் அவன் முறைத்தான்.

கூட்டம் கலைந்தபின் தயங்கித் தயங்கி அவளிடம் வந்தான்.

"சரி, சொல்லித் தொல. மைக்குக்குள்ள என்ன வச்ச?"

அவளுக்கே அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "ஒண்ணும் வைக்கல. ரெண்டு கம்பிய மாத்தி ஒட்டினேன். அவ்வளவுதான். நெசமா."

டப் நம்பவில்லை. "போடி. ரக்கூன் தின்னது போதும்" என்று ஹாமைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

அதற்கப்புறம் சில வாரங்கள் அவன் ரேடியோவில் அதிகம் பேசவில்லை. மழை பெய்த ஒரு காலையில், லாரிகளின் பாரத்தைச் சோதிக்கும் எடைச்சாவடி திறந்திருக்கிறதா என்று யாரோ ஒருவன் கேட்டான். சாலை அதிர ஒரு குரல் பதில் சொன்னது: "மூடிட்டாங்க, தைரியமா வா."

முதல் வார்த்தையிலேயே வெர்லீனுக்குப் புரிந்துவிட்டது. தன் புது ரேடியோவின் பொத்தானை அழுத்தினாள். "எப்ப மாத்தின டப்?"

"எத?"

"அதான், கம்பிய."

"எந்தக் கம்பி? எனக்குச் சளி புடிச்சிருக்கு. தொண்ட கட்டியிருக்கு."

வெர்லீன் தன் சிரிப்பு ரேடியோவில் கேட்டுவிடக் கூடாதென்று பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டு, ஆலைக்குத் திரும்பும் வளைவு வரை வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே ஓட்டினாள்.